என்ன எடுக்கறீங்க, ப்ரோ?

ஜிம் அலமாரியில் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் எதற்குப் பணம் கொடுக்கலாம்? எதைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகலாம்?

தமிழ்நாட்டில் இன்று கொஞ்சம் பெரிய ஊர் எதற்குப் போனாலும் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஜிம் இருக்கிறது. ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் இரண்டு கிலோ, மூன்று கிலோ டப்பாக்கள். மேலே வெளிநாட்டு மல்லன் ஒருவரின் புஜம். புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு மாதம் தொடர்ந்து வந்துவிட்டால் மாஸ்டர் மெதுவாகப் பேச்சைத் தொடங்குவார். "தம்பி, இன்னும் எதுவும் எடுக்கலையா? சும்மா வெயிட் அடிச்சா மட்டும் பாடி வராதுப்பா." பையன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னால் அங்கே அம்மாவிடம் வேறொரு தீர்ப்பு தயாராக இருக்கும். "அந்தப் பவுடர் எல்லாம் வேணாம்டா. கிட்னி போயிடும்."

இரண்டு பேருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். இரண்டு பேருமே பையனின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. மாஸ்டரின் நிலைமையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: பல ஜிம்களில் ஆலோசனை சொல்பவரும் டப்பா விற்பவரும் ஒரே ஆள்தான். சம்பளம் குறைவு, கமிஷன் கைகொடுக்கும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் எழுதிக்கொடுக்கிற டாக்டரே மருந்துக்கடையும் நடத்தினால் நாம் எவ்வளவு உஷாராக இருப்போமோ, அவ்வளவு உஷார் இங்கேயும் வேண்டும்.

"இது வேலை செய்யுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எனக்கு இது குறைகிறதா?" என்பது. குறையாத ஒன்றை எவ்வளவு உயர்ந்த தரத்தில் வாங்கி ஊற்றினாலும் உடம்பு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இட்லியிலிருந்து தொடங்கும் கணக்கு

புரதத்தை எடுத்துக்கொள்வோம். அலமாரியில் பாதி இடம் அதற்குத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். இது சாதாரண மனிதருக்கு. எடை தூக்கித் தசை வளர்க்க நினைப்பவருக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு, அதற்கு மேல் போனால் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு சொன்னது. அதே 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். புரதப் பவுடர் வேண்டாம் என்று 2024 மே மாதம் அறிவுறுத்திய அதே நிறுவனங்களின் உணவு வழிகாட்டியும் இந்த 1.6 என்ற எண்ணை எடுத்துச் சொல்கிறது.

இப்போது நம் வீட்டுத் தட்டுக்கு வருவோம். காலையில் நான்கு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார்: சுமார் 12 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர் எல்லாம் சேர்ந்து 20. மாலை டீ, ஒரு டம்ளர் பால்: 5. இரவு மூன்று தோசை, சட்னி: 12. சைவ வீட்டில் நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் 50 கிராமைத் தொடுவதே பெரிய காரியம். அசைவ வீடுகளிலும் வாரத்தில் பல நாள் இதே கதைதான்; ஞாயிற்றுக்கிழமை பிரியாணி திங்கள்கிழமைக்கு மிச்சம் வராது. ஆக, குறை இருப்பது உண்மை. மாஸ்டர் சொன்னதில் பாதி சரி.

ஆனால் அந்த அறுபது கிராம் பள்ளத்தை மூட டப்பாதான் வேண்டும் என்பதில்லை. நான்கு முட்டை 24 கிராம். ஐம்பது கிராம் சோயா உருண்டை, ஊறவைக்கும் முன் எடை, 26 கிராம். கால் லிட்டர் பால் 8 கிராம். கணக்கு முடிந்தது. முட்டை ஆறேழு ரூபாய் என்று வைத்தால், அதில் ஒரு கிராம் புரதம் ஏறக்குறைய ஒரு ரூபாய் சொச்சம். சோயாவில் ஐம்பது பைசாகூட ஆகாது. ஒரு கிலோ வே புரத டப்பா 2,500 ரூபாய் என்றால், அதில் தேறும் 720 கிராம் புரதத்துக்குக் கிராமுக்கு மூன்றரை ரூபாய். விலை கடைக்குக் கடை மாறும், வரிசை மாறாது. "சோயா சாப்பிட்டா ஆண்மை குறையும்" என்று ஜிம்மில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். வழக்கமான அளவில் சோயா சாப்பிடும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெளிவாகிவிட்ட விஷயம்.

அப்படியென்றால் வே புரதம் ஏமாற்று வேலையா? இல்லை. அது பால்தான். பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், ஒரு பங்கு வே. சீஸ் தயாரிக்கும்போது கட்டியானது கேசீன். வடிந்த நீரில் மிஞ்சியது வே. ஒரு காலத்தில் பண்ணைகளில் பன்றிகளுக்கு ஊற்றிய அந்த நீரை வடிகட்டி உலர்த்தியதுதான் இன்றைய பவுடர். ("பன்னீர் தண்ணியும் அதேதான், குடிங்க" என்று ரீல்ஸ் போடுகிறவர்களை நம்ப வேண்டாம். பாலைக் கொதிக்கவைத்துத் திரிக்கும்போது வே புரதத்தில் பெரும்பகுதி பன்னீரோடேயே ஒட்டிக்கொள்கிறது.) எளிதில் செரிக்கும், தசைக்குத் தேவையான லூசின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு, இரண்டு நிமிடத்தில் கலக்கிக் குடித்துவிடலாம். ஹாஸ்டலில் முட்டை வேகவைக்க வழியில்லாத மாணவர், நைட் ஷிப்ட் முடிந்து வரும் ஐ.டி. ஊழியர், முட்டையும் தொடாத சைவர், பசி மந்தித்துப்போன எழுபது வயதுத் தாத்தா, இவர்களுக்கு ஒரு ஸ்கூப் 24 கிராம் என்பது நல்ல வசதி. கொடுக்கும் பணம் அந்த வசதிக்கு. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவர்கள் மட்டும் லாக்டோஸ் குறைந்த ஐசோலேட் வகைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கான்சென்ட்ரேட் போதும்.

உடற்பயிற்சி முடிந்த அரைமணிக்குள் குடித்தாக வேண்டும் என்று ஷேக்கரோடு ஓடுகிறவர்களும் நிதானமாக வீட்டுக்குப் போகலாம். நாள் முழுவதற்குமான மொத்த அளவு சரியாக இருந்தால் நேரத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் 2013இலேயே தொகுத்துக் காட்டிவிட்டார்கள். மாஸ் கெய்னர் என்ற பெயரில் வரும் பெரிய டப்பாவைப் பற்றி இரண்டு வரி போதும். அதில் பெரும்பங்கு மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. அதைவிட வாழைப்பழமும் வேர்க்கடலையும் மலிவு, ருசியும் அதிகம்.

இனி அம்மாவின் கிட்னி பயம். ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவருக்கு நாம் பேசுகிற அளவுப் புரதத்தால் கெடுதல் வந்ததாக ஆதாரம் இல்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்குப் புரதத்தை டாக்டர்கள் அளந்துதான் கொடுப்பார்கள். சிக்கல் என்னவென்றால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இத்தனை பேருக்கு இருக்கும் நாட்டில், தன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமலேயே ஜிம்முக்கு வருகிறவர்கள் ஏராளம். அந்த வகையில் அம்மா சொன்னதிலும் பாதி சரி.

அலமாரியின் சின்ன டப்பா

பெரிய டப்பாக்களுக்கு நடுவே உள்ளங்கையளவு ஒன்று இருக்கும். கிரியேட்டின் மோனோஹைட்ரேட். அந்த அலமாரியில் காசுக்கு மதிப்புள்ள பொருள் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது 1832இல். வாயால் சாப்பிட்டால் தசையில் சேருமா என்ற கேள்விக்கு ரோஜர் ஹாரிஸும் சகாக்களும் ஆம் என்று பதில் சொன்னது 1992இல். ஒரு கனமான தூக்கு, ஒரு வேகமான ஓட்டம், இவற்றின் முதல் சில நொடிகளுக்குத் தசை தன் கையிருப்பிலிருந்துதான் ஆற்றலை எடுக்கிறது. கிரியேட்டின் அந்தக் கையிருப்பைக் கூட்டுகிறது. எட்டு முறை தூக்குகிற எடையை ஒன்பதாவது முறையும் தூக்க முடிகிறது. மாதக்கணக்கில் சேரும் அந்த ஒன்பதாவது தூக்குகள்தான் தசையாகின்றன. தூக்காமல் சாப்பிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாலை நேரத்தில் பூங்காவைச் சுற்றி நடக்கிறவருக்கு இதனால் கிடைப்பது குறைவு.

உடம்பு தானாகவும் நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்கு இதைத் தயாரிக்கிறது. மீதி மீனிலும் இறைச்சியிலும் வருகிறது. அதனால் சைவர்களின் தசையில் இருப்பு குறைவு, கொடுத்தால் ஏற்றம் அதிகம். குறை எங்கே இருக்கிறதோ அங்கே பலன் தெரிகிறது. தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும். முதல் வாரம் 20 கிராம் என்ற 'லோடிங்' கட்டாயமில்லை; அது சில வாரங்களை மிச்சப்படுத்தும், வயிற்றையும் கலக்கும். 250 கிராம் டப்பா, 5 கிராம் வீதம் 50 நாள் வரும். ஹைட்ரோகுளோரைடு, எத்தில் எஸ்டர் என்று இரண்டு மடங்கு விலையில் வருகிற புது அவதாரங்கள் சாதா மோனோஹைட்ரேட்டை மிஞ்சியதில்லை.

முடி கொட்டும் என்ற பேச்சு வந்த வழியும் சுவாரஸ்யமானது. 2009இல் தென்னாப்பிரிக்காவில் இருபது கல்லூரி ரக்பி வீரர்களிடம் மூன்று வாரம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், முடி உதிர்வோடு தொடர்புள்ள டிஎச்டி என்ற ஹார்மோன் கூடியிருந்தது. அவர்கள் தலையை யாரும் பரிசோதிக்கவில்லை. ஹார்மோன் அளவிலிருந்து வழுக்கை வரை மிச்சத் தூரத்தை இணையம் கடந்துகொண்டது.

கிரியேட்டினுக்கு அடுத்து மெய்யான சரக்கு என்றால் கஃபீன். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004இல் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட பொருள். வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. கிலோவுக்கு 3 மில்லிகிராம் தொடங்கி, பயிற்சிக்கு முக்கால் மணி முன்னால். அதற்கு நல்ல டிகாக்‌ஷன் காபியே பல பேருக்குப் போதும். ப்ரீ ஒர்க்அவுட் என்று விற்கிற பவுடரில் ஒரு ஸ்கூப்பிலேயே 200, 300 மில்லிகிராம் கஃபீன் இருப்பது சாதாரணம். ஆரோக்கியமான பெரியவருக்கு நாள் முழுவதற்குமான எல்லையே 400 என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். இரவு எட்டு மணிக்கு ஜிம்முக்குப் போகிறவர் இதைக் குடித்துவிட்டு இரண்டு மணிவரை மொபைலைத் தடவிக்கொண்டிருந்தால், தசை வளர்கிற நேரமான தூக்கத்தை விற்றுத் தசை வாங்கப் போன கதை. குடித்த கொஞ்ச நேரத்தில் முகமும் காதும் குறுகுறுவென்று ஊரும். "பாத்தியா, ஏறுது" என்பார்கள். ஏறுவது பீட்டா அலனின். அந்தக் குறுகுறுப்பு அதன் பக்கவிளைவு மட்டுமே. தினமும் சில வாரம் சாப்பிட்டால்தான் அது தசையில் சேரும். அப்போதும் பலன் சில நிமிடம் நீடிக்கிற கடும் முயற்சிகளுக்குத்தான்.

பி.சி.ஏ.ஏ.வுக்கு ஒரு பத்தி தருவதே அதிகம். தசை கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்கள் தேவை. இதில் இருப்பவை மூன்று. போதிய புரதம் சாப்பிடுகிறவருக்கு இது தேவையில்லை. சாப்பிடாதவருக்கு இந்த மூன்று மட்டும் போதாது. குளூட்டமின், எல்-கார்னிட்டின் ஆகியவற்றையும் இதோடு சேர்த்துக் கடந்துவிடலாம்.

நெருஞ்சியும் கொடம்புளியும்

'டெஸ்ட் பூஸ்டர்' என்று ஆங்கிலத்தில் மின்னுகிற குப்பியைத் திருப்பிப் பாருங்கள். ட்ரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ் என்று இருக்கும். நம் தரிசு நிலத்தில் செருப்பில்லாமல் நடந்தவன் காலைக் குத்தும் நெருஞ்சிதான் அது. சித்த வைத்தியத்தில் சிறுநீர்க் கோளாறுகளுக்கு அதற்கு ஓர் இடம் உண்டு. தசைக்கு? ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்து 2007இல் வெளிவந்த ஆய்வில் வலிமையில் தனியாக எந்தக் கூடுதலும் இல்லை.

கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் மாத்திரைகளில் கார்சீனியா கம்போஜியா என்று ஒன்று. அது கேரளத்து மீன்குழம்பில் மிதக்கும் கொடம்புளி. 135 பேருக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு 1998இல் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட குழுவுக்கும் இவர்களுக்கும் எடைக்குறைப்பில் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. மீன்குழம்பில் போட்டால் ருசியாவது மிஞ்சும். குப்பியில் அடைத்து வரும் சாறுகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

அமுக்கராவின் கதை கொஞ்சம் வேறு. அஸ்வகந்தா என்ற பெயரில் வரும் அதற்குச் சில சிறிய ஆய்வுகள் சாதகமாகப் பேசுகின்றன. ஆனால் 2023இல் டென்மார்க் அதைத் தடை செய்தது. கல்லீரல் பாதிப்புப் பதிவுகள் இதற்கும் உண்டு. மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று நினைப்பது நம் ஊரின் பழைய நம்பிக்கை. எஃபெட்ராவும் மூலிகைதான். அது கலந்த மாத்திரை சாப்பிட்டுவந்த ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது அமெரிக்க பேஸ்பால் வீரர் 2003 பிப்ரவரியில் பயிற்சியின்போது உடல்சூடு ஏறி இறந்தார். அதற்கடுத்த வருடம் அங்கே எஃபெட்ரா தடை செய்யப்பட்டது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

இதுவரை பேசியதெல்லாம் லேபிள் உண்மை சொல்கிறது என்ற நம்பிக்கையில். கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸும் குழுவினரும் இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரதப் பவுடர்களை ஆய்வகத்துக்கு அனுப்பி, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். 25 டப்பாக்களில் புரதம் லேபிளில் போட்டிருந்ததைவிடக் குறைவு; சிலவற்றில் பாதிதான். ஐந்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. பலவற்றில் ஈயத்தின் தடயம். மூலிகைச் சாறு கலந்தவை தனிக் கவலை.

குறைவாகப் போட்டுவிட்டு அதிகமாகக் காட்டுவது எப்படி முடிகிறது? 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலை ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் கண்டுபிடித்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று சொல்கிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களிலும் நைட்ரஜன் உண்டு. ஒரு பிடி போட்டால் எண் ஏறிவிடும், தசைக்குப் போவது ஏறாது. 2008இல் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் மெலமின் கலந்தவர்கள் ஏமாற்றியதும் இதே அளவீட்டைத்தான். ஆகவே மூலப்பொருள் பட்டியலில் கிளைசினும் டாரினும் தனியாகத் தென்பட்டால், 'தனியுரிமைக் கலவை' என்று அளவு சொல்லாமல் மழுப்பியிருந்தால், அந்த டப்பாவை வைத்துவிடலாம். பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. வே, கோகோ, இனிப்பு, அவ்வளவுதான் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், இறக்குமதியாளர் பெயர் ஒட்டிய சீட்டு, தொகுதி எண், உடையாத முத்திரை, இவற்றைப் பார்ப்பது அடிப்படை. போலிகள் இவற்றையும் அச்சடிக்கிறார்கள் என்பதால் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலோ அங்கீகாரம் பெற்ற கடையிலோ வாங்குவது மேல். ஒவ்வொரு தொகுதியையும் வெளி ஆய்வகத்தில் சோதித்து முடிவை வெளியிடும் நிறுவனங்கள் இப்போது இருக்கின்றன. கூடுதல் பணம் கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள்.

போட்டிகளில் ஓடுகிறவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்து 2004இல் வெளியிட்ட முடிவில், நூற்றுக்குப் பதினைந்தில் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைகள் இருந்தன. நம் நாட்டிலேயே 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத் தங்கம் வென்ற பெண்கள் அணியில் மூவர் அடுத்த ஆண்டு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கிவந்த ஜின்செங்கில்தான் கலப்படம் என்றார்கள். தெரியாமல் நடந்தது என்று இங்கே ஓராண்டுத் தடையோடு விட்டார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக்கியது. ரத்தத்தில் இருப்பதற்கு ஓடியவரே பொறுப்பு என்பதுதான் சட்டம்.

அலமாரியில் வைக்காமல் மேஜை டிராயரில் வைத்து, 'கியர்', 'சைக்கிள்' என்று தாழ்ந்த குரலில் பேசி விற்கிற ஊசிகளும் மாத்திரைகளும் இந்தக் கட்டுரையில் வரவேண்டியவை அல்ல. அவை சப்ளிமென்ட் இல்லை, ஹார்மோன். விதை சுருங்குவது, விந்தணு வற்றுவது, ஆணுக்கு மார்பு வளர்வது, கெட்ட கொழுப்பு ஏறுவது எல்லாம் அவற்றோடு வரும். நான்கு மாதத்தில் பத்துக் கிலோ தசை ஏறிய ஒருவர் எல்லாம் இந்தப் பவுடரால்தான் என்று சொன்னால், அந்த டிராயரும் நினைவுக்கு வரட்டும்.

யாரும் விற்காத சப்ளிமென்ட்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. டிரெட்மில்லில் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிற பெண்ணிடம் "ஸ்டாமினா இல்ல, ப்ரீ ஒர்க்அவுட் போடுங்க மேடம்" என்கிறார்கள். அவருக்குக் குறைவது ஹீமோகுளோபினாக இருக்கலாம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். கமிஷன் இல்லாததால் அலமாரியில் அதற்கு இடமில்லை. வெயில் கொளுத்துகிற ஊரில் வைட்டமின் டி குறைவதும், முழுச் சைவர்களுக்கு பி12 குறைவதும் இதே வகை. மூன்றையும் சோதித்துப் பார்க்காமல் விழுங்கவும் கூடாது. இரும்பும் வைட்டமின் டியும் அளவு மீறினால் கெடுதல்.

பவுடர் வாங்குமுன் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, கிரியாட்டினின், சர்க்கரை, ஒருமுறை ரத்த அழுத்தம், இவ்வளவையும் பார்த்துவிடலாம். ஒரு நல்ல புரத டப்பாவின் விலையைவிட அதிகம் ஆகாது. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்த டப்பாவையும் தொட வேண்டாம்.

ஏற்கெனவே கிரியேட்டின் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்று. அது உடம்பில் சிதைந்து கிரியாட்டினினாகத்தான் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் அந்த எண் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். வீட்டில் எல்லோரும் பதறிப்போவார்கள். நீங்கள் கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், லேபிளை போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் தசையின் அளவைச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை அவர் எழுதித் தருவார்.